ஓடுவதெல்லாம் ஒரு செல் உயிரி அல்ல

நுண்ணோக்கியில் எது ஓடினாலும் ‘ஒரு செல் உயிரி’, சும்மா கிடந்தால் ‘விலங்கு செல்’ என்று குறித்துவிடுகிறோம். அதிகம் ஏமாற்றும் தவறு இதுதான்.

விந்தணு வாலை அடித்து நீந்துகிறது. ஆனால் அது விலங்கின் உடலைச் சேர்ந்த செல். 1677இல் அதை விவரித்த நுண்ணோக்கி முன்னோடி லீவன்ஹூக்கும் குட்டி விலங்கு என்றே எழுதினார், ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. இரத்த வெள்ளணு அமீபாவைப் போலவே ஊரும். மூச்சுக்குழாயின் உள்பரப்பிலிருந்து உதிர்ந்த செல்லோ, உதிர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் மயிர் போன்ற குறு இழைகளை அடித்துக்கொண்டிருக்கும். சளி மாதிரியில் இதை ஒட்டுண்ணி என்று நினைத்துவிடுவது அனுபவசாலிகளுக்கும் நடக்கிறது. இழைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: அந்தச் செல்லில் ஒரு முனையில் மட்டும், தூரிகை மாதிரி; குளத்து நீரில் வாழும் ஒரு செல் உயிரியான பாரமீசியத்தில் உடல் முழுக்க.

நகராத ஈஸ்ட் முழு உயிரி என்பதையும் மறக்க வேண்டாம். அப்புறம், இருந்த இடத்திலேயே குலுங்கும் புள்ளிகள். நீர் மூலக்கூறுகள் மோதுவதால் தூசிகூட அப்படித்தான் நடுங்கும்.

ஒரு செல் உயிரி என்றாலே மிகச் சிறியது என்ற எண்ணமும் தவறு. கன்னத்தின் உட்புறச் செல் 50 முதல் 80 மைக்ரோமீட்டர் அகலம். பாரமீசியம் காடேட்டம் 200 முதல் 300 வரை நீளம். போதாக்குறைக்கு, அதைவிடச் சிறிய ரோட்டிஃபர்களும் உண்டு. அவை பல செல் விலங்குகள். உள்ளே அசைபோடும் தாடை தெரிந்தால் அது ரோட்டிஃபர். அளவை ஊகிக்காமல் கணக்கிடுங்கள்: கண்ணருகு லென்சின் புல எண் (அதன்மேல் குறித்திருக்கும் எண், மில்லிமீட்டரில்) 18, பொருளருகு லென்ஸ் 40 மடங்கு என்றால், தெரியும் வட்டத்தின் விட்டம் 18ஐ 40ஆல் வகுக்க வரும் 0.45 மில்லிமீட்டர்.

உட்கருவை வைத்தும் முடிவு செய்ய முடியாது. அமீபாவுக்கு உட்கரு உண்டு, மனிதச் சிவப்பணுவுக்கு இல்லை. குளத்து நீரில் நான் முதலில் தேடுவது சுருங்கும் நுண்குமிழை, அதாவது செல்லுக்குள் சேரும் மிகை நீரை வெளியேற்றும் குமிழை. மெல்ல உப்பி, சட்டென்று மறைந்து, மறுபடி உப்பினால் பெரும்பாலும் ஒரு செல் உயிரிதான் (நன்னீர்ப் பஞ்சுயிரிகளின் செல்களுக்கும் இது உண்டு, அது விதிவிலக்கு). குமிழ் இல்லாததை மட்டும் ஆதாரமாக்காதீர்கள். கடல்வாழ் உயிரிகள், ஒட்டுண்ணிகள் பலவற்றில் அது இருப்பதில்லை.

சாயத்துக்கு அவசரம் வேண்டாம். மெத்திலீன் நீலம் கொஞ்சம் கூடினாலே உயிரி செத்துவிடும். பிறகு குமிழும் துடிக்காது, இழையும் அசையாது. சாயமின்றி, டயாஃப்ரத்தை (மேடைக்குக் கீழே ஒளி நுழையும் துளையை) சற்றுச் சுருக்கி, ஐந்து நிமிடம் பாருங்கள். கன்னச் செல்லுக்குச் சாயம் சரி. ஆனால் அதன்மேல் அப்பியிருக்கும் நீலப் பொட்டுகளைச் செல்லின் பாகமாக வரையாதீர்கள், அவை வாயில் வாழும் பாக்டீரியாக்கள். ஆக, ஒரே தகட்டில் விலங்கு செல், ஒரு செல் உயிரி இரண்டும்!