கடைசி வரி எங்கே போனது? சர்வர் லாக்கில் நாம் செய்யும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் சர்வரில், இரவில் ஓடும் கணக்குச் சரிபார்க்கும் புரோகிராம் ஒன்று பாதியில் செத்துப்போனது. செத்தது 2:40க்கு. புரோகிராம் தான் செய்வதை வரிவரியாகக் குறித்துவைக்கும் லாக் கோப்பின் கடைசி வரியோ 2:11க்கு எழுதியது. அதுவும் முழு வரி இல்லை, ஒரு கணக்கு எண்ணின் நடுவில் அறுந்து நின்றது. அந்த 29 நிமிடமும் புரோகிராம் சும்மா இருந்ததா? எழுதிய டெவலப்பர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்: "சார், ஒவ்வொரு கணக்கு முடிஞ்சதும் பிரிண்ட் போட்டிருக்கேன்." அவர் எழுதிய கோட் வரிகளைத் திறந்து பார்த்தோம். போட்டுத்தான் இருந்தார்.

துப்பு கோப்பின் அளவில் கிடைத்தது. 61,440 பைட். 4,096ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 15. செத்துப்போன புரோகிராமின் லாக் கோப்பு இப்படி 4,096இன் மடங்கில் கச்சிதமாக நின்றால், மேற்கொண்டு தேடாமல் பஃபரை, அதாவது எழுத வேண்டியதைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் மெமரி இடத்தை, சந்தேகிக்கலாம். சி மொழியில் எழுதச் சொல்லும் கட்டளையான பிரிண்ட்எஃப், திரைக்கு எழுதும்போது வரிக்கு வரி வெளியே தள்ளும். அதையே கோப்புக்கோ, இன்னொரு புரோகிராமுக்குப் போகும் பைப்புக்கோ திருப்பிவிட்டால், தன்னிடம் சேர்த்து வைத்துக்கொண்டு, பஃபர் நிறைந்த பிறகுதான் மொத்தமாகத் தள்ளும். லினக்ஸில் பெரும்பாலும் 4,096 பைட்டுக்கு ஒரு முறை. அன்று மெமரி தீர்ந்துபோய், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலே அந்தப் புரோகிராமைக் கொன்றிருந்தது. அப்படிக் கொல்லும்போது "கையில் இருப்பதை எழுதிவிட்டுப் போ" என்று அவகாசம் தராது. நிறையாத பஃபரும் கூடவே போய்விட்டது. எங்களுக்கு வேண்டிய 29 நிமிடமும் அதற்குள்தான் இருந்தது.

பைத்தானில் பிரிண்ட் போட்டுத் திருப்பிவிட்டாலும் இதே கதைதான். கன்டெய்னருக்குள் ஓடும் பைத்தான் புரோகிராமிலிருந்து "லாக்கே வரலை" என்று யாராவது வந்தால், முதலில் பஃபரை நிறுத்தும் மைனஸ் யு (-u) போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். பைத்தானோடு வரும் லாகிங் மாட்யூல் வரிக்கு வரி தள்ளிவிடும் என்பதால் அதைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. கோடைத் தொட முடியாத பழைய சி புரோகிராம் என்றால் பஃபர் பழக்கத்தை மாற்றும் எஸ்டிடிபஃப் என்ற கட்டளையின் வழியாக ஓட்டலாம். பலருக்கும் வேலை செய்யும்.

நான் பார்த்த லாக் இழப்புகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஒரு வரி புரோகிராமிலிருந்து கிளம்பி, தூரத்து சர்வரின் டிஸ்கில் உட்காருவதற்குள் நாலைந்து கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கையும் "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லும். சேர்த்தாயா என்று யாரும் கேட்பதில்லை. சாதாரண நாளில் எல்லாம் சேர்ந்துவிடும். மெமரி தீரும் நாளில், நெட்வொர்க் அறும் நாளில், கரண்ட் போகும் நாளில்தான் சேராது. லாக்கைத் தேடுவதும் அந்த நாளில்தான்.

கெர்னல் வாங்கியது டிஸ்கில் இருக்கிறதா?

புரோகிராமின் பஃபரைத் தாண்டிக் கெர்னலிடம் போய்விட்டால், அப்புறம் புரோகிராம் செத்தாலும் அந்த வரி பிழைக்கும். மெஷினே செத்தால் பிழைக்காது. கோப்பில் எழுதியதைக் கெர்னல் உடனே டிஸ்கில் வைப்பதில்லை. லினக்ஸின் இயல்பான அமைப்பில் எழுதியது 30 வினாடி பழையதான பிறகுதான் கட்டாயம் டிஸ்குக்குத் தள்ள வேண்டிய பட்டியலில் சேரும். அதற்குள் கரண்ட் போனால் போனதுதான். "இப்போதே டிஸ்கில் எழுது" என்று கெர்னலிடம் சொல்லும் எஃப்சிங்க்கை அழைத்தால் அங்கேயே நின்று எழுதிவிட்டு வரும்.

இதைப் படித்துவிட்டு வரிக்கு ஒரு எஃப்சிங்க் போட்டு, பிறகு சர்வர் ஆமை மாதிரி ஓடுகிறது என்று புலம்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். பணம் கைமாறியதற்கு, அனுமதி மாறியதற்கு, அதாவது நாளை யாராவது வந்து கணக்குக் கேட்கக்கூடிய வரிகளுக்குப் போடுங்கள். "கேஷ் ஹிட்" போன்ற அன்றாடக் குறிப்புகளுக்கு வேண்டாம்.

சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டி இருக்கும் லினக்ஸ் மெஷின்களில், அதன் லாக் சேகரிக்கும் பகுதியான ஜர்னல்டி பற்றி இரண்டு விஷயம். ஒன்று, அதன் சேமிப்பு அமைப்பு 'ஆட்டோ' என்று இருந்து, வார் லாக்குக்குள் (/var/log) ஜர்னல் என்ற ஃபோல்டர் இல்லாவிட்டால், எல்லாம் மெமரியில்தான் இருக்கும். "ரீஸ்டார்ட் பண்ணிட்டுப் பார்க்கலாம்" என்று பண்ணிவிட்டுப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. அந்த ஃபோல்டரை உருவாக்குவது ஒரு நிமிட வேலை. இன்னொன்று வேக வரம்பு. ஒரு சர்வீஸ் 30 வினாடிக்குள் 10,000 வரிக்கு மேல் எழுதினால், மிச்சத்தை ஜர்னல்டி தூக்கிப் போட்டுவிட்டு, இத்தனை வரியை விட்டுவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதிவைக்கும். (டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தால் இந்த வரம்பு இன்னும் கூடும்.) அமைதியாக ஓடும் சர்வீஸ் எப்போது இவ்வளவு எழுதும்? ஏதோ ஒன்று வெடிக்கும்போதுதான். முக்கியமான சர்வீஸுக்கு மட்டும் வரம்பை உயர்த்திவையுங்கள். அடியோடு எடுத்துவிட்டால் ஒரு பைத்தியக்கார லூப் உங்கள் டிஸ்கை நிரப்பிவிடும்.

"டிசிபி போட்டாச்சு சார்"

லாக் வரிகளை வாங்கி வேறு சர்வருக்கும் அனுப்பும் சிஸ்லாக், 1980களில் எரிக் ஆல்மன் தன் சென்ட்மெயில் என்ற மெயில் புரோகிராமுக்காக எழுதிய சமாச்சாரம். அதிலிருந்து பரவிய வழக்கம், சேர்ந்ததா என்று கேட்காத யுடிபி முறையில் 514ஆம் போர்ட்டில் வரிகளை எறிவது. எறிந்த பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாங்கும் சர்வர் கொஞ்சம் மூச்சு வாங்கினால்கூட அதன் சாக்கெட் பஃபர் வழிந்து வரிகள் போய்விடும். அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது. வாங்கும் சர்வரில் நெட்ஸ்டாட் கட்டளை காட்டும் 'ரிசீவ் பஃபர் எரர்ஸ்' எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். அதை யார் பார்க்கிறார்கள்?

சரி, இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால்தான் சேர்ந்ததற்கு ஒப்புகை வாங்கும் டிசிபிக்கு மாறினோம் என்பீர்கள். ஆபத்தான தன்னம்பிக்கை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

புரோகிராம் டிசிபியில் ஒரு வரியை அனுப்பி, "வெற்றி" என்று பதில் வந்தால், அந்த வரி உங்கள் மெஷினின் கெர்னல் பஃபரில் ஏறிவிட்டது என்று மட்டுமே பொருள். வயருக்கே இன்னும் போகாமல் இருக்கலாம். அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் டிசிபி ஒப்புகையை அனுப்புவதும் எதிர் மெஷினின் கெர்னல்தான், லாக் சர்வர் புரோகிராம் இல்லை. பார்சலுக்கு அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டு வாங்கிய மாதிரி. கூரியர்காரரின் கணக்கில் டெலிவரி முடிந்தது, உங்கள் கையில் பார்சல் இல்லை. வாட்ச்மேனாவது சாயங்காலம் கேட்டால் எடுத்துத் தருவார். லாக் சர்வர் புரோகிராம் கிராஷ் ஆனால் கெர்னல் வாங்கி வைத்திருந்ததெல்லாம் குப்பைக்குப் போகும். அனுப்பிய பக்கமோ ஏற்கெனவே தன் பிரதியை அழித்திருக்கும்.

நடுவில் ஒரு ஃபயர்வால் இருந்தால் இன்னொரு கூத்து. ரொம்ப நேரம் பேச்சில்லாத இணைப்பைச் சில ஃபயர்வால்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறந்துவிடும். இரண்டு முனையும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் எழுத எழுத "வெற்றி" வரும். லினக்ஸ் கெர்னல் திரும்பத் திரும்ப முயன்று, இயல்பான அமைப்பில் கிட்டத்தட்ட 15 நிமிடம் கழித்துத்தான் கையை விரிக்கும். அதுவரை அனுப்பியதில் எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று உங்கள் புரோகிராமுக்குத் தெரியாது.

மருந்து, வாங்கும் புரோகிராமே "இத்தனாவது வரி வரை எடுத்துக்கொண்டேன்" என்று திருப்பிச் சொல்வது. லினக்ஸில் பரவலான சிஸ்லாக் புரோகிராமான ஆர்சிஸ்லாகை எழுதிய ரைனர் கெர்ஹார்ட்ஸ் இதற்காகத்தான் ரெல்ப் என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தார். பதிவுத் தபாலோடு ஒட்டி அனுப்பிய ஒப்புகை அட்டை மாதிரி: பெற்றவர் கையெழுத்தோடு திரும்பி வரும்வரை பிரதி உங்களிடமே இருக்கும். இதற்கு ஒரு விலை உண்டு. இணைப்பு அறுந்து ஒட்டும்போது சில வரிகள் இரண்டு தடவை வரும். ஒரே உள்நுழைவு இரண்டு முறை பதிவானதைப் பார்த்து, பாஸ்வேர்ட் திருடுபோய்விட்டது என்று பதறாமல் இருக்க, வரிக்கு ஒரு வரிசை எண் கொடுத்து வையுங்கள்.

லாக் போகாவிட்டால் என்ன செய்வது என்று முடிவு செய்யாமல் விடுவது

பலர் இந்தக் கேள்வியையே கேட்டுக்கொள்வதில்லை. சிஸ்டம்டிக்கு முந்தைய காலத்து அனுபவம் ஒன்று. மத்திய லாக் சர்வரின் டிஸ்க் நிறைந்து, அது டிசிபியில் வாங்குவதை நிறுத்திவிட்டது. சரி, லாக்தானே என்று விட்டுவிட்டோம். அரை மணி நேரத்தில் மற்ற சர்வர்கள் ஒவ்வொன்றாக உறைந்தன. எஸ்எஸ்ஹெச்சில், அதாவது தூரத்திலிருந்து லாகின் செய்யும் வழியில், உள்ளே நுழைய முடியவில்லை. பாஸ்வேர்ட் வாங்கிக்கொள்ளும், அப்புறம் அசையாது. காரணம் எளிது. அனுப்ப முடியாத வரிகள் ஆர்சிஸ்லாகின் மெமரி வரிசையை நிரப்பின. அது நிறைந்ததும் உள்ளூர் லாக் சாக்கெட்டிலிருந்து படிப்பதை அது நிறுத்தியது. "இன்னார் உள்ளே வந்தார்" என்ற ஒரு வரியை எழுதக் காத்துக்கொண்டு எஸ்எஸ்ஹெச் சர்வர் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு லாக் சர்வரின் டிஸ்க், கூடத்தில் இருந்த அத்தனை மெஷினையும் பூட்டிவிட்டது.

அனுப்பும் வேலைக்குத் தனி வரிசை கொடுத்து, அது நிறைந்தால் டிஸ்கில் வழிய விட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் அந்த டிஸ்க் வரிசைக்கும் ஒரு உச்சவரம்பு வேண்டும், அதுவும் நிறைந்தால் எதைக் கொட்டுவது என்றும் சொல்லி வைக்க வேண்டும். டீபக் வரிகளை, அதாவது பிழை தேடுவதற்காக மட்டும் எழுதும் வரிகளை, முதலில் கொட்டுங்கள். லாக் இல்லாமல் வேலையே நடக்கக் கூடாது என்ற இடங்களும் உண்டு. யார் என்ன செய்தார் என்று பதியும் லினக்ஸின் ஆடிட்டில், டிஸ்க் நிறைந்தால் மெஷினையே நிறுத்திவிடு என்று அமைக்கலாம். அங்கே அது சரி. உங்கள் கல்யாண மண்டப முன்பதிவுத் தளத்துக்கு அது தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சில்லறைத் தவறுகள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய லாக்கை ஒதுக்கிவைக்கும் லாக்ரொட்டேட்டில், நகலெடுத்துவிட்டு மூலத்தை வெட்டும் காப்பிட்ரங்கேட் போட்டால், நகலெடுத்து முடிப்பதற்கும் மூலத்தை வெட்டுவதற்கும் இடைப்பட்ட கணத்தில் எழுதியவை காணாமல் போகும். முடிந்தவரை கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, புரோகிராமைப் புதிதாகத் திறக்கச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் லாக்கை ஆர்எம் போட்டு அழித்தால் இடம் கிடைக்காது. டிஸ்கின் மொத்த இடத்தைச் சொல்லும் டிஎஃப் நிறைந்திருப்பதாகக் காட்டும், கோப்புகளைக் கூட்டிச் சொல்லும் டியு காலியாகக் காட்டும், மண்டை காயும். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் இயல்பான ஜேசன் லாக்குக்கு அளவு வரம்பே கிடையாது, நீங்கள்தான் வைக்க வேண்டும்.

நேரம். 2001இல் வந்த ஆர்எஃப்சி 3164 என்ற இணைய நெறிமுறை ஆவணம் விவரித்த பழைய சிஸ்லாக் வடிவத்தில் மாதம், தேதி, மணி உண்டு. ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. சென்னை சர்வர் இந்திய நேரத்திலும் சிங்கப்பூர் சர்வர் உலகப் பொது நேரமான யுடிசியிலும் எழுதினால், ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் விளைவு முன்னாலும் காரணம் பின்னாலும் தாறுமாறாக வரும். 2009இன் ஆர்எஃப்சி 5424 இரண்டையும் சேர்த்தது, அதையே பயன்படுத்துங்கள். இந்தியாவில் நேரத்தைச் சரியாக வைப்பது விருப்பம் சார்ந்த விஷயமும் இல்லை. 2022 ஏப்ரலில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கடிகாரங்களை அரசு அமைப்புகளான என்ஐசி அல்லது என்பிஎல்லின் நேர சர்வர்களோடு ஒத்துப்போகச் செய்யவும், லாக்கை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது.

அப்புறம், பயனர் கொடுத்ததை அப்படியே லாக்கில் எழுதாதீர்கள். பெயர்க் கட்டத்தில் ஒரு வரிமுறிப்பைச் செருகி, அடுத்த வரியில் "அட்மின் உள்நுழைந்தார்" என்று ஒருவர் எழுதி அனுப்பினால், உங்கள் லாக்கில் நடக்காத ஒன்று நடந்ததாக நிற்கும். பாஸ்வேர்டும் லாக்குக்குள் போகக் கூடாது. 2018 மே மாதம் ட்விட்டர், மறையாக்கத்துக்கு முன்பே பாஸ்வேர்டுகள் தன் உள் லாக்கில் பதிவானதாகச் சொல்லி, எல்லாப் பயனர்களையும் மாற்றிக்கொள்ளக் கேட்டது.

மௌனத்தை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வது

2024 செப்டம்பர் 2 முதல் சில வாரங்களுக்கு மைக்ரோசாஃப்ட்டின் சில கிளவுட் சேவைகளின் பாதுகாப்பு லாக்குகள் ஓட்டை ஓட்டையாக இருந்தன. லாக் சேகரிக்கும் தங்கள் உள் ஏஜென்ட் புரோகிராமில் இருந்த பிழைதான் காரணம் என்று நிறுவனமே அறிவித்தது. சேவைகள் எல்லாம் வழக்கம்போல ஓடின, லாக் மட்டும் சேரவில்லை. பிழைகளைத் தேடும் அலாரம் பிழை வரி வந்தால்தான் அடிக்கும். வரியே வராவிட்டால் எல்லாம் சுகம் என்றுதான் அதற்குத் தோன்றும்.

அதனால் ஒவ்வொரு மெஷினும் நிமிடத்துக்கு ஒரு முறை, வரிசை எண்ணோடு, "இருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதட்டும். வழக்கமான லாக் எந்த வழியில் போகிறதோ அதே வழியில் அதுவும் போக வேண்டும். மூன்று நிமிடம் வராவிட்டால் மத்திய சர்வர் கூப்பாடு போடட்டும். எண் தாண்டினாலும் கூப்பாடு போடட்டும்.

புதிதாக எதை அமைத்தாலும் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. லாக்கில் வரி எழுதும் லாகர் கட்டளையால் 1 முதல் 1,00,000 வரை எண்களை வரிசையாக அனுப்ப விட்டு, பாதியில் லாக் சர்வர் புரோகிராமைக் கொல்வேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கிளப்புவேன். இரண்டாவது சுற்றில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவேன், மூன்றாவதில் அனுப்பும் மெஷினின் பவரை. அப்புறம் அந்தப் பக்கம் வந்த எண்களை வரிசைப்படுத்தி, விட்டுப்போனவற்றை எண்ணுவேன். டிசிபி மட்டும் போட்ட அமைப்பில் முதல் சுற்றிலேயே ஒரு ஓட்டை தெரிந்தது. என்னோடு இருந்த பையன் திரையைப் பார்த்துவிட்டு, "சார், இங்க எல்லாமே சக்ஸஸ்னுதானே வந்துச்சு?" என்றான்.