சிறிய லாட்ஜைக் கூகுள் தேடலில் முன்னுக்குக் கொண்டுவருவது எப்படி? கும்பகோணத்தை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருபது அறைகளுடன் நடக்கும் ஒரு லாட்ஜை மனத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அங்கே மேனேஜர்தான் ரிசப்ஷனிலும் உட்காருவார், கணக்கும் அவர்தான் எழுதுவார். விளம்பரத்துக்கென்று மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. அறை நிரம்புவது பெரும்பாலும் ஆன்லைன் புக்கிங் தளங்கள் வழியாகத்தான். 1,500 ரூபாய் அறைக்கு 18 சதவீதம் கமிஷன் என்று வைத்துக்கொண்டால், ஓர் இரவுக்கு 270 ரூபாய் கையை விட்டுப் போகிறது. அந்த விருந்தினரில் நான்கில் ஒருவராவது கூகுளில் உங்கள் லாட்ஜை நேரடியாகக் கண்டு போன் செய்தால், கீழே சொல்லும் வேலைகளுக்கு ஆகும் செலவு சில வாரங்களிலேயே திரும்பிவிடும்.

படி 1: ரிசப்ஷன் போன் பக்கத்தில் ஒரு நோட்டு

கணினியைத் திறப்பதற்கு முன் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி ரிசப்ஷன் போன் அருகில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு, அறை கேட்டுப் பேசுபவர் ஒவ்வொருவரும் என்ன கேட்டார் என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். "செக்-அவுட் 24 மணி நேரமா, 12 மணியா?", "டிரைவர் படுக்க இடம் உண்டா?", "வெந்நீர் எத்தனை மணி வரைக்கும் வரும்?", "லிஃப்ட் இருக்கா, அம்மாவுக்கு மூட்டு வலி", "டாய்லெட் வெஸ்டர்னா?", "டெம்போ டிராவலர் உள்ளே வருமா?" என்று பக்கம் நிரம்பும். போனில் கேட்பதைத்தான் மக்கள் கூகுளிலும் தட்டுகிறார்கள். இனி வரும் படிகளில் நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு வரிக்கும் இந்த நோட்டுதான் மூலப்பொருள். கட்டணம் வாங்கிக்கொண்டு தேடுசொல் பட்டியல் கொடுக்கும் எந்தக் கருவியும் உங்கள் ஊரைப் பற்றி இவ்வளவு நுட்பமாகச் சொல்லாது.

இதோடு ஒரு காரியம் செய்யுங்கள். கைப்பேசியில் கூகுளைத் திறந்து 'கும்பகோணம் லாட்ஜ்', 'கும்பகோணம் ரூம்' என்று தட்டிப் பாருங்கள். முழுதும் தட்டி முடிப்பதற்குள் கீழே தோன்றும் பரிந்துரைகளையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் 'ஹோட்டல்' என்றால் பாதிப் பேருக்குச் சாப்பாட்டுக் கடை. ஆகவே 'லாட்ஜ்', 'ரூம்ஸ்', 'தங்கும் விடுதி' ஆகிய சொற்களையும் உங்கள் எழுத்தில் இயல்பாக வரவழைக்க வேண்டும்.

படி 2: கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலை உங்கள் கைக்குக் கொண்டுவருதல்

கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் லாட்ஜின் பெயர், முகவரி, போன் எண், படங்கள், விருந்தினர் எழுதும் கருத்துரைகள் (ரிவியூ) ஆகியவற்றைக் காட்டும் பக்கம்தான் பிசினஸ் ப்ரொஃபைல். ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை மட்டும் செய்யுங்கள். கூகுள் வரைபடத்தில் உங்கள் லாட்ஜ் ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம். யாரோ ஒரு விருந்தினர் சேர்த்திருப்பார். பெயரைத் தேடி, 'இந்தத் தொழிலுக்கு உரிமை கோருக' என்ற பொருளில் இருக்கும் இணைப்பை அழுத்தி, உங்கள் ஜிமெயில் கணக்கால் உள்ளே செல்லுங்கள். தொலைபேசி, மின்னஞ்சல் அல்லது வீடியோ வழியாகச் சரிபார்ப்பு நடக்கும். வீடியோ கேட்டால் தெருவிலிருந்து தொடங்கி, பெயர்ப் பலகை, நுழைவாயில், ரிசப்ஷன், சாவி மாட்டும் பலகை என்று ஒரே தொடர்ச்சியாக எடுத்து அனுப்புங்கள். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. 2021-க்கு முன் இது கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் இருந்தது. பழைய விளக்கங்களைப் படிப்பவர்கள் இரண்டும் ஒன்றே என்று அறிந்துகொள்ளவும்.

கணக்கு முதலாளியின் பெயரில் இருக்கட்டும். வேலையை விட்டுப் போய்விட்ட மேனேஜரின் சொந்த ஜிமெயிலில் ப்ரொஃபைல் மாட்டிக்கொண்டு, போன் எண்ணைக் கூட மாற்ற முடியாமல் மாதக்கணக்கில் திண்டாடிய லாட்ஜ்களைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளூர்த் தேடலில் யாரை முன்னால் காட்டுவது என்பதைப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்து முடிவு செய்வதாகக் கூகுளே சொல்கிறது; பணம் கொடுத்து அந்த வரிசையை உயர்த்த முடியாது என்றும் சொல்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. பொருத்தத்தைத் தகவல்களால் கூட்டலாம், பிரபலத்தைக் கருத்துரைகளாலும் மற்றத் தளங்களின் குறிப்புகளாலும் மெல்ல வளர்க்கலாம்.

பெயர்ப் பகுதியில் பலகையில் உள்ள பெயரை மட்டும் இடுங்கள். 'பெஸ்ட் பட்ஜெட் லாட்ஜ் கும்பகோணம்' என்று பின்னால் ஒட்டுவது விதிமீறல். போட்டியாளர் ஒருவர் புகார் செய்தால் ப்ரொஃபைலே முடங்கலாம். வகையில் தங்குமிடத்துக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள். செக்-இன், செக்-அவுட் நேரம், பார்க்கிங், லிஃப்ட், வைஃபை என்று கேட்கும் வசதிகளில் இருப்பதை மட்டும் டிக் செய்யுங்கள்.

பிறகு வரைபடக் குறி. இதை ஒருமுறை நேரில் பார்த்ததால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு லாட்ஜின் குறி, கட்டடத்தின் பின்புறச் சந்தில் விழுந்திருந்தது. இரவு இரண்டு மணிக்குத் திருநள்ளாறு செல்லும் குடும்பம் ஒன்று வேனில் வந்து, அந்தச் சந்துக்குள் மாட்டிக்கொண்டு, முன்னும் போக முடியாமல் பின்னும் எடுக்க முடியாமல் அரை மணி நேரம் நின்றது. மறுநாள் அவர்கள் எழுதிய ஒரு நட்சத்திரக் கருத்துரையில் அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, முழுதும் அந்தச் சந்தைப் பற்றித்தான். குறியை முன்வாசலுக்கு நகர்த்த எங்களுக்கு ஆனது மூன்று நிமிடம். உங்கள் குறி வாகனம் நுழையும் வாசலில் இருக்கிறதா என்று, தெருமுனையிலிருந்து வழிகாட்டலை ஓடவிட்டு நடந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் கூகுளிலும், உங்கள் இணையதளத்திலும், புக்கிங் தளங்களிலும், ஃபேஸ்புக் பக்கத்திலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். துண்டிக்கப்பட்ட பழைய லேண்ட்லைன் எண் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும், தேடி நீக்குங்கள். பிங் பிளேசஸ், ஆப்பிள் வரைபடம் ஆகியவற்றிலும் இதே விவரத்தை இலவசமாகவே பதியலாம்.

படி 3: படங்கள்

பகல் வெளிச்சத்தில், திரையை விலக்கிவிட்டு, கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்து எடுத்தால் போதும், போட்டோகிராபர் தேவையில்லை. ஒவ்வொரு வகை அறைக்கும் கதவருகிலிருந்து ஒன்று, ஜன்னலருகிலிருந்து ஒன்று. பெரும்பாலோர் விட்டுவிடுவது குளியலறை. குடும்பத்தோடு வருபவர்கள் முதலில் பார்க்க நினைப்பது அதைத்தான்; தரை உலர்ந்திருக்கும்போது கழிப்பறை, குழாய், வாளி எல்லாம் தெரியும்படி எடுங்கள். கட்டடத்தின் முகப்பு, வண்டி நிறுத்தும் இடம், பேருந்து நிலையத்திலிருந்து வரும்போது கண்ணில் படும் திருப்பம் ஆகியவையும் வேண்டும். இணையத்திலிருந்து எடுத்த வேறு விடுதியின் படத்தை ஒருபோதும் போடாதீர்கள்.

படி 4: கருத்துரைகள்

அறையைக் காலி செய்து பில் கட்டும் வேளையில், திருப்தியாக இருப்பவர், முகம் சுளித்தவர் என்று பாகுபடுத்தாமல் எல்லோரிடமும் கேளுங்கள். ப்ரொஃபைலில் கிடைக்கும் கருத்துரை இணைப்பை க்யூஆர் குறியாக்கி, ரிசப்ஷன் மேசையில் அச்சிட்டு வைத்தால் போதும். அச்சுச் செலவு ஐம்பது ரூபாய்க்குள் முடியும். கருத்துரைக்குத் தள்ளுபடி, டீ, பரிசு எதுவும் தருவதைக் கூகுள் தடை செய்கிறது. நூறு கருத்துரை இவ்வளவு ரூபாய் என்று விற்பவர்களிடம் போகவே வேண்டாம். அவை நீக்கப்படும் என்பது ஒருபுறம். அதை நம்பி முதியோரை அழைத்து வரும் குடும்பத்தை ஏமாற்றுவது மறுபுறம்.

பதில் எழுதுவதில்தான் சிறிய லாட்ஜ்கள் பெரிய விடுதிகளை எளிதில் மிஞ்சலாம். 'காலை ஏழு மணிக்கு வெந்நீர் வரவில்லை' என்று ஒருவர் எழுதினால், 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒட்டும் பதிலால் யாருக்கும் பயனில்லை. "சோலார் வெந்நீர் காலை 5 முதல் 8 வரை வரவேண்டும். நீங்கள் தங்கிய மூன்றாம் மாடிக்கு அழுத்தம் குறைவாக இருந்தது உண்மை. அந்த மாடிக்குத் தனி கீசர் பொருத்திவிட்டோம்" என்று எழுதினால், அடுத்துப் படிப்பவருக்கு வெந்நீர் நேரமும் தெரிகிறது, சொன்னால் சரிசெய்யும் இடம் என்பதும் தெரிகிறது. கீசரை உண்மையிலேயே பொருத்திய பிறகுதான் இதை எழுத வேண்டும்.

படி 5: ஐந்து பக்க இணையதளம்

'.இன்' என்று முடியும் முகவரிக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய், தளத்தை இணையத்தில் வைக்க இடம் தரும் சாதாரண ஹோஸ்டிங் சேவைக்குச் சில ஆயிரம் ரூபாய். தளத்தை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம். முகப்பு, அறைகளும் வாடகையும், வரும் வழி, அருகிலுள்ள கோயில்கள், கேள்வி–பதில் ஆகிய ஐந்து பக்கங்கள் போதும்.

பல லாட்ஜ் தளங்களின் முகப்புத் தலைப்பு 'ஹோம்' அல்லது 'வெல்கம்' என்று இருக்கிறது. தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிவது பெரும்பாலும் அந்தத் தலைப்புதான். 'லாட்ஜின் பெயர் – மகாமகக் குளம் அருகே ஏசி, நான்-ஏசி அறைகள், கும்பகோணம்' என்று மாற்றுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும்.

வாடகைப் பட்டியலை டிசைனர் செய்து தந்த ஜேபெக் படமாக ஏற்றாமல், எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பகமாகப் படிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கைப்பேசியில் பார்க்கும் பெரியவர்களும் அதைப் பெரிதாக்கிப் படிக்கச் சிரமப்படுவார்கள். வாடகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு என்பதையும் அங்கேயே எழுதுங்கள். போன் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும்படி அமையுங்கள்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவதானால் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கங்களாக வையுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்றுவதைவிடத் தமிழில் மூன்று பத்தி சொந்தமாக எழுதுவது எவ்வளவோ மேல்.

படி 6: நோட்டில் உள்ள கேள்விகளைப் பக்கங்களாக்குதல்

புக்கிங் தளங்கள் உங்களை வெல்ல முடியாத இடம் இதுதான். சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம் ஆகிய ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் பார்க்க வருபவர்களில் பலர் கும்பகோணத்தில்தான் தங்குகிறார்கள். கோயில்கள் பெரும்பாலும் நடுப்பகலில் நடை சாத்தப்படுவதால், எந்தக் கோயிலை முதலில் பார்ப்பது, எங்கே மதியச் சாப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்பது அவர்களுக்குப் பெரிய கவலை. உங்கள் லாட்ஜ் வாசலில் நிற்கும் டாக்சி ஓட்டுநர் இதை மனப்பாடமாகச் சொல்வார். அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அவர் சொல்லும் வரிசையை எழுதிக்கொள்ளுங்கள். நடை நேரங்களைக் கோயில் அலுவலகத்தில் கேட்டுச் சரிபார்த்த பின் பக்கமாக்குங்கள்.

இன்னோர் எடுத்துக்காட்டு. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. திருநாகேஸ்வரத்தில் அந்த வேளையில் நடக்கும் பாலபிஷேகத்துக்காக வருபவர், 'காலை பத்து மணிக்கு வந்து இரவு ஒன்பதுக்குக் காலி செய்தால் ஒரு நாள் வாடகையா, இரண்டு நாள் வாடகையா?' என்றுதான் கேட்பார். உங்களுடையது 24 மணி நேரச் செக்-அவுட் என்றால் அது ஒரே நாள் வாடகை. இதைத் தெளிவாக எழுதிவைத்திருக்கும் லாட்ஜ் எனக்குத் தெரிந்து மிகச் சில. அதேபோல் 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலைப் பார்க்க வரும் வெளிநாட்டவருக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம், கல்யாணத்துக்கு மொத்தமாக அறை எடுப்பவர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம்.

மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். ஒரே பத்தியை ஊர்ப் பெயர் மட்டும் மாற்றி இருபது பக்கமாக்க வேண்டாம்.

படி 7: கூகுளுக்குத் தெரிவித்தல், வேகம் பார்த்தல்

உங்கள் தளம் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் என்ற கூகுளின் இலவசக் கருவியில் தளத்தைப் பதிந்து, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பைச் சமர்ப்பியுங்கள். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் முகவரியை இட்டால் கைப்பேசியில் பக்கம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று காட்டும். முதன்மையான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். லாட்ஜ் தளங்கள் தாமதமாவதற்குக் காரணம் அநேகமாகப் படங்கள்தான். ஸ்கூஷ் என்ற இலவசக் கருவியில் 5 எம்பி படத்தை வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் 150 கேபி அளவுக்குச் சுருக்கினாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

படி 8: பணத்தை எங்கே செலவிடக் கூடாது

'ஆயிரம் பேக்லிங்க் மூவாயிரம் ரூபாய்' என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை நீக்கிவிடுங்கள்; பேக்லிங்க் என்பது வேறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு. விலைக்கு வாங்கிய இணைப்புகள் கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானவை. பக்கத்தின் நிரலுக்குள் தேடுசொற்களைப் பட்டியலிடும் கீவேர்ட்ஸ் மெட்டா குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். 'ஒரே மாதத்தில் முதலிடம் உறுதி' என்று சொல்பவரிடமும் அப்படியே. உங்களிடம் வழக்கமாக அறை எடுக்கும் கல்யாண மண்டபம், டிராவல்ஸ், பட்டுச் சேலைக் கடை ஆகியோரின் தளங்களில் உங்கள் லாட்ஜைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்டுப் பெறும் நான்கு இணைப்புகள் அவற்றையெல்லாம்விட மதிப்புள்ளவை.

அறை வாடகையைக் கூகுளில் காட்டி நேரடியாக உங்கள் தளத்துக்கு அழைத்துவரும் ஹோட்டல் புக்கிங் இணைப்புகளை 2021 மார்ச் முதல் கூகுள் கட்டணமின்றித் தருகிறது. உங்களிடம் புக்கிங் மென்பொருள் இருந்தால், அதில் இந்த வசதி உண்டா என்று அந்த நிறுவனத்திடம் கேளுங்கள்.

படி 9: மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை மூன்றைப் பாருங்கள். சர்ச் கன்சோலில் எந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் தோன்றியது, எத்தனை பேர் அழுத்தினார்கள். பிசினஸ் ப்ரொஃபைலில் எத்தனை பேர் போன் பொத்தானையும் வழிகாட்டலையும் அழுத்தினார்கள். தங்குவோர் பதிவேட்டில் 'எங்கே பார்த்து வந்தீர்கள்?' என்று புதிதாகச் சேர்க்கும் கட்டத்தில் எத்தனை 'கூகுள்' விழுந்திருக்கிறது. சில மாற்றங்கள் சில மணி நேரத்தில் தெரியும். சிலவற்றுக்குப் பல மாதம் ஆகும். அதனால் முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் கலைத்துப் போட வேண்டாம். நிறையத் தோன்றியும் யாரும் அழுத்தாத பக்கம் இருந்தால் அதன் தலைப்பை மட்டும் மாற்றி எழுதி, அடுத்த மாதம் வரை காத்திருங்கள்.

குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி போன்றவற்றுக்கான பக்கங்களை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்காமல் ஒரே முகவரியில் வைத்து, தேதியையும் வாடகையையும் மட்டும் புதுப்பித்தால் பழைய பக்கம் சேர்த்த மதிப்பு வீணாகாது. 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028 மாசியில் வருகிறது. அதற்கான பக்கத்தை இப்போதே ஒன்றிரண்டு பத்திகளுடன் தொடங்கி, குளத்திலிருந்து உங்கள் வாசலுக்கு நடக்க எத்தனை நிமிடம் என்பதை நடந்து பார்த்து எழுதிவிட்டு, முன்பதிவு தொடங்கும் தேதி முடிவானதும் அதே பக்கத்தில் சேருங்கள்.