வாடின செடியைக் கண்ட உடன வாளியைத் தூக்காதீங்க

சித்திரை வருசம் பிறந்து பலகாரம் முடியிறதுக்குள்ள எங்கட பக்கம் தோட்டம் வச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் ஒரே கதைதான் கதைப்பம், நேத்து நல்லாத்தானே நிண்டது இண்டைக்குப் பாத்தா தலை தொங்கிப் போய் நிக்குது எண்டு. மாரி மழையின்ட ஈரத்தில மாசி வரைக்கும் தன்பாட்டில வளந்த கொச்சிக்காயும் தக்காளியும் பங்குனி கழியக்குள்ள ஒண்டொண்டா முகம் சுருங்கும். ஏப்ரல் 5ல இருந்து 15 வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில வாற காலம், அது முடிய வைகாசியில கச்சான் காத்து தொடங்கும். திருகோணமலைக்குப் பெரிய மழை எண்டா ஐப்பசியில இருந்து தை வரைக்கும்தான், நடுவில வாற மாசம் முழுக்க கிணத்துத் தண்ணியாலதான் தோட்டத்தை ஓட்டோணும்.

நான் உப்புவெளிப் பக்கம், கடலுக்குக் கிட்ட, வெறும் மணல்ல தோட்டம் செய்யிறன். 2022ல சாமான் விலை ஏறி, அரச உத்தியோகத்தருக்கு வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி வெள்ளிக்கிழமையில லீவு குடுத்த நேரம் எங்கட ஒழுங்கையில முக்கால்வாசி வீட்டில பாத்தி வெட்டினாங்க, அடுத்த சித்திரைக்கு அதில பாதிகூட மிஞ்சல்ல. விட்ட ஆக்கள் ஒருத்தரும் சோம்பேறிகள் இல்ல, விடிய எழும்பி வாளி வாளியா அள்ளி ஊத்தின ஆக்கள்தான். அதான் எனக்கு மனசு கேக்காம இதை எழுதுறன், ஏனெண்டா கனபேரின்ட செடி செத்தது தண்ணி ஊத்தாம இல்ல, வாடினதெல்லாம் தாகம் எண்டு நினைச்சு ஊத்தினதாலதான்.

மத்தியானம் 12 மணிக்கு பூசணி இலையப் பாருங்க, குடை மடிச்ச மாதிரி தொங்கும். மண்ணுக்குள்ள ஈரம் இருந்தாலும் தொங்கும், வேர் இழுக்கிற வேகத்தை விட வெயில் உறிஞ்சுற வேகம் கூட, அதால செடி தன்னைத்தானே மடக்கி வச்சிருக்கும். பின்னேரம் 5 மணிக்குப் போய்ப் பாத்தா அதே இலை நிமிந்து நிக்கும். இந்தச் செடிக்கு ஒண்டும் செய்யத் தேவையில்ல. விடிய 6 மணிக்கும் தொங்கிக்கொண்டு நிண்டாத்தான் அது தண்ணி கேக்குது, இல்லாட்டி வேரில ஏதோ வருத்தம். எது எண்டு பாக்க விரலை ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள்ள விடுங்க, உலந்து போய் இருந்தா ஊத்துங்க, ஈரமா இருக்கு ஆனா செடி தொங்குது எண்டா தயவுசெய்து ஊத்தவேணாம்.

அப்பிடி ஈரத்துக்குள்ள நிண்டு பச்சையாவே வாடுற கத்தரி, தக்காளி, கொச்சிக்காய் எண்டா பக்றீரியா வாடலா எண்டு பாக்க ஒரு வழி இருக்கு, தம்பலகாமத்தில வயல் செய்யிற எங்கட பெரியப்பாதான் காட்டித் தந்தவர். தண்டை அடியில வெட்டி, கிளாஸ் ஒண்டில தெளிஞ்ச தண்ணி எடுத்து, வெட்டின முனை மட்டும் தண்ணிக்குள்ள படுற மாதிரி அசையாம பிடிச்சுக்கொண்டு நிண்டவர். ரெண்டு மூண்டு நிமிசத்தில அந்த முனையில இருந்து பால் மாதிரி ஒரு வெள்ளை நூல் மெதுவா கீழ இறங்கிச்சு. "பாத்தியா மகள், தண்டுக்குள்ள தண்ணி போற குழாயெல்லாம் இதுதான் நிறைஞ்சு கிடக்கு, நீ கிணத்தையே ஊத்தினாலும் மேல ஏறாது" எண்டார். அந்தச் செடிய வேரோடயும் மண்ணோடயும் கிண்டி எடுத்து வளவுக்கு வெளியில அப்புறப்படுத்தோணும், கூட்டெருக் குழிக்குள்ள போடவே கூடாது, அந்த இடத்தில திருப்பி கத்தரிக் குடும்பத்தில ஒண்டும் வைக்காம பயத்தையோ வெண்டியோ வச்சுப்பாருங்க.

தண்ணி ஊத்துற விதத்திலயும் கனக்கப் பிழை இருக்கு. ஹோஸ் பைப்பை வெயிலுக்குள்ள விரிச்சு விட்டிட்டு பின்னேரம் திறந்தவுடன நேர செடிக்குப் பிடிக்கிறது எத்தனை பேர்? அந்த முதல் தண்ணி தேத்தண்ணிச் சூடு, கைய வச்சாத் தெரியும், நான் ஒருக்கா ஒரு பாத்தி கீரை நாத்தை அப்பிடியே அவிச்சுப் போட்டன். முதல்ல தண்ணிய வாளியிலயோ தென்னைக்கோ விட்டு, குளிர்ந்த தண்ணி வந்த பிறகு பிடிங்க. ஒவ்வொரு நாளும் மேலால தெளிச்சு மண் கறுத்தது கண்டு சந்தோசப்படுறதும் வேலைக்காகாது, வேரெல்லாம் தண்ணியத் தேடி மேலுக்கு வந்து அந்தச் சூட்டில கருகும். மணல் பாத்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறுதலா, அடிவரைக்கும் இறங்குற மாதிரி விடுங்க, சாடியில இருக்கிறதுக்கு மட்டும் ஒவ்வொரு நாளும். விடிய 7 மணிக்கு முன்னம் ஊத்துறதுதான் எனக்குச் சரிவந்தது.

இனி உப்பு. இதை எங்கட ஆக்கள் கணக்கெடுக்கிறதே இல்ல, எனக்கு இதுதான் பெரிய கவலை. சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி எண்டு கரையோரமா இருக்கிற கனக்கக் கிணறு மாரியில குடிக்கிற மாதிரி இருந்தாலும் கோடை ஏற ஏற சவர் தட்டும். இலையின்ட ஓரம் மட்டும் பழுப்பா எரிஞ்சு உள்ளுக்குப் பச்சையா இருக்கா, சாடி விளிம்பில வெள்ளையா பொடி படிஞ்சிருக்கா, அப்ப அது உப்பு. அதைப் பாத்திட்டு உரம் காணாது எண்டு யூரியா போடுறாங்க, உரமும் உப்புத்தானே, எரியிற இடத்தில இன்னும் கொஞ்சம் எரிய விட்ட மாதிரி. சவர் தண்ணிய இலையில தெளிக்காம அடியில மட்டும் விடுங்க, கிழமைக்கு ஒருக்காவாவது பைப் தண்ணியோ சேத்து வச்ச மழைத்தண்ணியோ தாராளமா விட்டு உப்பைக் கீழ கழுவி இறக்குங்க. சும்மா கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சா தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் வேரடியில சேந்துகொண்டே போகும். போஞ்சி சவரை கொஞ்சமும் தாங்காது, கரையோரத்தில அதோட மல்லுக்கட்டவேணாம். பூவில போகன்வில்லா, நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ தாங்கும்.

தும்புச்சோறு, அதான் தேங்காய்த் தும்புத் தூள், வாங்கிற ஆக்களும் கவனம், உவர்மலையில இருக்கிற என்ட மச்சாள் புதுச் சாடி பதினஞ்சுக்கும் வாங்கின பாட்டில நிரப்பி செவ்வந்தி வச்சா, ஒரு கிழமையில நுனியெல்லாம் கருகிப் போச்சு. தும்புச்சோத்திலயும் உப்பு இருக்கும், நல்ல தண்ணியில ரெண்டு மூண்டு தரம் ஊறவச்சுப் பிழிஞ்சு எடுத்துத்தான் மண்ணோட கலக்கோணும்.

மூடாக்கு போடாம இஞ்ச கோடையைத் தாண்ட ஏலாது. வைக்கோல், காஞ்ச சருகு, தென்னோலைத் துண்டு, எது கிடைக்குதோ அதை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டா படிஞ்சு நாலு விரல் கனமா நிக்கும். தண்டோட ஒட்டிப் போடாம நாலு விரல் தள்ளிப் போடுங்க, இல்லாட்டி அடித்தண்டு அழுகும். பச்சைச் சாணியை மூடாக்கு மாதிரி அப்புறதும் நல்லதில்ல, அது சூடு கிளப்பும், வண்டு முட்டையிட்டு வேர் தின்னுற வெள்ளைப்புழு வரும், மூண்டு மாசமாவது மக்கின மாட்டெருதான் சரி.

நிழல் குடுக்கிறம் எண்டு தோட்டத்தையே மூடுற பிழையும் இருக்கு. கடையில கிடைக்குது எண்டு கறுத்த அடர்த்தியான நிழல் வலையை (நெற்) வாங்கி மேல கட்டினா, செடி நெடுநெடு எண்டு வளந்து பூக்காம நிக்கும், நாத்துக்கு பாதி வெயிலை மறைக்கிற 50 வீத நெற் காணும். காய்க்கிற மரக்கறிக்கு மத்தியானம் 12ல இருந்து 3 மணி வரைக்கும் நிழல் விழுந்தாப் போதும், நான் மேற்குப் பக்கமா கிடுகு கட்டியிருக்கிறன், அது வெயிலுக்கும் ஆச்சு கச்சானுக்கும் ஆச்சு. கச்சான் காத்து தென்மேற்கால காஞ்ச தரையெல்லாம் தாண்டி வாறது, அடிச்சா பூ உதிரும், பயத்தங்கொடி பந்தலோட சாயும், இலையில இருக்கிற ஈரத்தை உறிஞ்சிப்போடும். அதுக்குத் தகரம் வச்சு அடைக்காதீங்க. தகரம் சூட்டைத் திருப்பி செடிக்கே அடிக்கும், காத்தும் மேலால ஏறிச் சுழண்டு உள்ளுக்குத்தான் விழும். கிடுகு, பழைய மீன்வலை ரெண்டு மடிப்பு, இல்லாட்டி அகத்தி வரிசை, இப்பிடி காத்து கொஞ்சம் புகுந்து போற மாதிரி இருக்கோணும்.

தக்காளிப் பூ கொட்டுது எண்டு இந்தக் காலத்தில எல்லாரும் கேப்பாங்க. பகல் 34, 35 டிகிரி, ராவும் புழுக்கம் குறையாது, அந்தச் சூட்டில மகரந்தம் சரியா வேலை செய்யாது, அதால பிஞ்சு பிடிக்காது, எந்த உரத்தாலயும் இதை மாத்த ஏலாது. காய் பிடிச்ச பிறகு அடியில கறுப்பு வட்டம் விழுந்து குழிஞ்சா அது புழுவும் இல்ல பூச்சியும் இல்ல, நாலு நாள் காயவிட்டு அஞ்சாம் நாள் வெள்ளமா ஊத்துறதால சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரல்ல, தண்ணிய ஒரே சீரா விட்டா அடுத்த காய் நல்லா வரும்.

கொச்சிக்காய் இலை சுருண்டா ஒரு வெள்ளைப் பேப்பரை அடியில பிடிச்சு நுனியத் தட்டிப்பாருங்க. மஞ்சளா, நூல் துண்டு மாதிரி சின்னதா ஓடினா அது பனிப்பூச்சி, இலை மேல்பக்கமா படகு மாதிரி சுருளும். கீழ்ப்பக்கமா சுருண்டு காம்பு நீண்டா சிற்றுண்ணி, அது கண்ணுக்கு லேசில தெரியாது. பனிப்பூச்சி காஞ்ச வெக்கையில பெருகும், ரெண்டுக்கும் ஒரே மருந்தை அடிச்சுக்கொண்டிருக்கிறதில பிரயோசனம் இல்ல. நான் முதல்ல செய்யிறது வேப்பங்கொட்டை, 50 கிராம் இடிச்சு ஒரு லீற்றர் தண்ணியில ராவைக்கு ஊறப்போட்டு வடிச்சு, கொஞ்சம் சவுக்காரம் கரைச்சு இலைக்கு அடிப்பக்கம் படுற மாதிரி அடிப்பன், பின்னேரத்தில மட்டும்தான், வெயில் பட்டா அதின்ட வீரியம் போயிடும். அதுக்கும் அடங்காட்டி விவசாயத் திணைக்களத்தின்ட 1920க்கு எடுத்துக் கேளுங்க, பக்கத்து வீட்டில மிஞ்சின போத்தல் மருந்தை வாங்கி அடிக்காதீங்க.

பூ விசயத்தில நான் அதிகம் சொல்லல்ல. ரோசாவை இந்த வெயில்ல கட்டையா வெட்டினா இலை நிழல் இல்லாம தண்டு பொசுங்கும், காஞ்ச கொப்பை மட்டும் எடுங்க. மல்லிகையை மழை விடக்குள்ளயே வெட்டியிருக்கோணும், இப்ப வெட்டினா பூக்கிற காலத்தில பாதி தளிர் விடுறதிலயே போயிடும். போகன்வில்லாவுக்கு பாவம் எண்டு தண்ணி ஊத்த ஊத்த இலைதான் வரும், கொஞ்சம் காயவிட்டாத்தான் பூக்கும். கறுத்தப் பொலித்தீன் பையில வச்சிருக்கிறதை வெயில்படுற பக்கம் உரப்பையால சுத்திவிடுங்க, வேர் வேகாம இருக்கும்.

இப்ப என்ன நடலாம் எண்டு கேட்டா வெண்டி, பயத்தை, கத்தரி, கீரை, பூசணி. தக்காளிய இப்ப புதுசா நடவேணாம், புரட்டாதியில நாத்துப் போட்டா மழையோட நல்லா வரும். பூசணி வச்ச ஆக்கள் முதல்ல பூக்கிறதெல்லாம் உதிருது எண்டு பயப்படுவாங்க, அது ஆண்பூ, முதல்ல அதுதான் வரும், அதைப் பறிச்சு சுண்டலாம். பிறகு அடியில குட்டிக் காயோட ஒரு பூ வரும், அது விரியிற அண்டைக்கு விடிய 8 மணிக்கு முன்னம் போய், ஒரு ஆண்பூவைப் பறிச்சு இதழைக் கிழிச்சுப் போட்டு, நடுவில இருக்கிற மஞ்சள் மாவை அந்தப் பெண்பூவின்ட நடுவில மெதுவா தடவிவிடுங்க. நாலஞ்சு நாளில அந்தக் குட்டிக் காய் கழுத்து தடிச்சு கீழ தொங்கும்.