ரேசர் வாங்கும்போது முதலில் மரையைப் பாருங்கள்

ஷேவ் செய்த இரண்டாம் நாள் கழுத்துப் பக்கம் சிவப்பாகப் பொரி கிளம்பி, தடவினால் முள் மாதிரி உறுத்துகிறதா? பலர் சோப்பை மாற்றுவார்கள், கிரீமை மாற்றுவார்கள், ரேசரை மட்டும் மாற்ற மாட்டார்கள். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைப் பிடித்து லேசாக வெளியே இழுக்கிறது, அது திரும்பி உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட நுனி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். அன்றைக்கு மழமழவென்றுதான் இருக்கும். ஆனால் சுருட்டை முடிக்காரர்களுக்கு அந்த நுனி மேலே வராமல் வளைந்து உள்ளேயே தோலைக் குத்தும், பொரி வரும். பிளேடை மட்டும் மாற்றிப் போடும் சேஃப்டி ரேசரில் ஒரே பிளேடு தோல் மட்டத்தோடு வெட்டும்போது இந்தத் தொல்லை நன்றாகக் குறைகிறது.

நான் சேஃப்டி ரேசருக்கு மாறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிங் கேம்ப் கில்லெட் இந்த ரேசருக்கு 1901-ல் விண்ணப்பித்து 1904-ல் காப்புரிமை வாங்கினார். அந்தக் காப்புரிமையெல்லாம் எப்போதோ காலாவதியாகி, இரண்டு பக்கமும் கூரான அந்த மெல்லிய பிளேடு உலகத்துக்கே பொதுவாகிவிட்டது. 1930 வாக்கில் நடுவில் நீளமான துளை வந்தது, அதற்குப் பிறகு வடிவம் மாறவே இல்லை. ஜப்பான் பிளேடு ஜெர்மன் ரேசரில் உட்காரும், நம் ஊர்ப் பெட்டிக்கடை பிளேடும் அதே ரேசரில் உட்காரும். பிளேடுகள் தலையிலேயே பதிந்து, தலையோடு மாற்ற வேண்டிய கார்ட்ரிட்ஜ் அப்படியா? 1971-ல் இரண்டு பிளேடு, 1998-ல் மூன்று, 2006-ல் ஐந்து என்று ஒவ்வொரு தடவையும் கைப்பிடி மாறியது. கையில் இருக்கும் கைப்பிடிக்கு எந்தக் கார்ட்ரிட்ஜ் வரும், எத்தனை வருஷம் வரும் என்பதை நிறுவனம்தான் முடிவு செய்யும். கைப்பிடி நன்றாக இருந்தும் தூக்கிப் போட வேண்டிய நிலை அங்கேதான் வருகிறது.

பணக் கணக்கையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு 4 தடவை ஷேவ் செய்தால் வருஷத்துக்கு 208 தடவை. ஒரு பிளேடு 4 ஷேவ் என்று வைத்தால் 52 பிளேடு, ஒன்று 5 ரூபாய் என்றாலும் 260 ரூபாய். 150 ரூபாய் கார்ட்ரிட்ஜ் ஒன்றை 10 ஷேவுக்கு இழுத்தாலும் வருஷத்துக்கு 3,000 ரூபாய் தாண்டும். ஆனால் நீங்கள் இப்போதே மலிவான ஒற்றை பிளேடு கார்ட்ரிட்ஜ்தான் வாங்குகிறீர்கள், முகத்திலும் ஒரு தொல்லையும் இல்லை என்றால், பணத்துக்காக மாற வேண்டாம், பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது.

சரி, ரேசருக்கு வருவோம். கடையில் எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும், அந்தப் பளபளப்பு பெரும்பாலும் வெறும் குரோமிய முலாம். உள்ளே என்ன உலோகம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். விலை குறைந்தவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து முலாம் பூசியவை. அடுத்தது பித்தளை. அதற்கும் மேலே எவர்சில்வர், அதிலும் 316எல் ரகம் தண்ணீருக்கும் உப்புக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். காந்தம் வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். துத்தநாகம், பித்தளை, அலுமினியம் மூன்றிலும் காந்தம் ஒட்டாது, 316எல்லில்கூடப் பெரும்பாலும் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனை உதவாது. பெட்டியில் ‘உலோகம்’ என்றோ ‘அலாய்’ என்றோ மட்டும் போட்டிருந்தால் துத்தநாகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் ரேசர் அப்படிப்பட்டதுதான். ஒன்றரை வருஷம் நன்றாக ஓடியது. ஒருநாள் பிளேடு மாற்றிவிட்டுக் கைப்பிடியை இறுக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம், மேல்மூடி தனியாகக் கையில் வந்துவிட்டது. மூடிக்கு அடியில் இருக்கும் மரைத்தண்டு பாதியில் முறிந்து கைப்பிடிக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மரை முழுக்க முலாம் தேய்ந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று, நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது. வெளியில் ஒரு கீறல்கூட இல்லை. துத்தநாக ரேசர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் போகும். அதனால் வாங்கும்போது கைப்பிடியைக் கழற்றி மரையைப் பாருங்கள். கடையில் கழற்ற விடவில்லை என்றால் அங்கே வாங்காதீர்கள். மரை ஆழமாக, ஒரே சீராக இருக்க வேண்டும், திருகும்போது நறநறக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இணையத்தில் வாங்கினால் வந்த அன்றைக்கே கழற்றிப் பார்த்துவிடுங்கள். பணம் கொஞ்சம் இடித்தால், துத்தநாகத் தலையும் பித்தளை அல்லது எவர்சில்வர் கைப்பிடியும் உள்ளது வாங்கலாம், இறுக்கும்போது விரல் பலம் மட்டும் போதும்.

வண்ணத்துப்பூச்சி மாதிரி மேலே இரண்டு கதவு திறக்கும் மாடல் பார்க்க அழகு. ஆனால் போர் தண்ணீர் வரும் வீடுகளில் அதை நான் சொல்ல மாட்டேன். அந்தக் கீல்களிலும் உள்ளே ஓடும் தண்டிலும் உப்புப் படிந்து, கொஞ்ச நாளில் கதவு பாதியில் நின்றுவிடும். மூடி, தட்டு, கைப்பிடி என்று மூன்று துண்டாகக் கழலும் மாடலில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை, பழைய டூத்பிரஷால் தேய்த்தால் சுத்தம். இந்த மாடல்களில் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் மரைதான், அதனால் நாளைக்குத் தலை போனாலும் வேறு தலை வாங்கிப் பழைய கைப்பிடியிலேயே போட்டுக்கொள்ளலாம்.

பிளேடுக்கு அடியில் சீப்புப் பல் மாதிரி இருந்தால் அது வாரத்துக்கு ஒருமுறை ஷேவ் செய்பவர்களுக்கு. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் நேரான பட்டை உள்ளதை எடுங்கள், புதிதாகப் பழகுபவர்களுக்கும் அதுதான் சரி. மாலை போட்டு ஒரு மண்டலம் தாடி வளர்த்திருந்தால் எந்த ரேசரானாலும் முதலில் டிரிம்மரால் குறைத்துவிட்டு வாருங்கள்.

பிளேடில் எடுத்தவுடனே ஜப்பான் ஃபெதர் வாங்காதீர்கள். அதன் கூருக்குக் கை பழகியிருக்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். உங்கள் தோலுக்கு எது ஒத்துவரும் என்பதை வேறு யாரும் சொல்ல முடியாது.

பிளேடு போடும்போது கூரில்லாத இரண்டு ஓரங்களைப் பிடித்து வையுங்கள். இறுக்கியதும் ரேசரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள், இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் மயிரிழை கூடுதலாகத் தெரிந்தாலும் தளர்த்தித் திரும்ப இறுக்குங்கள், வெட்டுக்காயம் பலருக்கு இதனால்தான்.

குளித்த பிறகு ஷேவ் செய்யுங்கள், முடி தண்ணீர் குடித்து மெத்தென்று ஆகியிருக்கும். போர் தண்ணீரில் நுரை நிற்காது, அரை டம்ளர் கேன் தண்ணீர் எடுத்து நுரை கலக்கினால் வித்தியாசம் உடனே தெரியும். ரேசரின் மூடியைக் கன்னத்தில் படுக்க வைத்து, பிளேடு தொடும் வரை கைப்பிடியை மெதுவாகக் கீழே இறக்குங்கள், ஏறக்குறைய 30 டிகிரியில் ‘சர்’ என்று முடி அறுபடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போங்கள். அழுத்தவே கூடாது, ரேசரின் எடையே போதும். கார்ட்ரிட்ஜில் பழகிய கை தானாகவே அழுத்தும், அதனால் முதல் இரண்டு வாரம் கைப்பிடியின் அடி நுனியை மட்டும் பிடியுங்கள். ஒரு இழுப்பு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம். முதலில் முடி வளரும் போக்கிலேயே, பிறகு மறுபடி நுரை போட்டுக் குறுக்கே. கழுத்தில் முடி வட்டமாகவும் பக்கவாட்டிலும் வளரும், விரலால் தடவிப் பார்த்து எந்தப் பக்கம் உறுத்தவில்லையோ அந்தப் பக்கமாக இழுங்கள். எதிர்ப்போக்கில் இழுக்கும் ஆசையை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, சலூனில் செய்வது போல ஈரப் படிகாரத்தை ஒரு தடவு தடவினால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கை நடுங்குபவர்கள் இதற்கு மாற வேண்டாம்.

பிளேடைத் துணியால் துடைக்காதீர்கள், கூர் போய்விடும். அலசி, உதறி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் பிளேடு கொண்டுபோக விடமாட்டார்கள், பெரிய பையில் போட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் ரேசரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிற ஊரில் பிளேடு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடவே போடாதீர்கள். தூய்மைப் பணியாளர்கள் பல இடங்களில் வெறுங்கையால்தான் குப்பையைப் பிரிக்கிறார்கள், காகிதத்தில் சுற்றினாலும் அது கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஒரு பழைய தகர டப்பாவின் மூடியில் உண்டியல் மாதிரி ஒரு கீறல் போட்டு, மூடியை ஒட்டிவிட்டு, பிளேடை அதற்குள் போட்டு வாருங்கள். வருஷத்துக்கு ஐம்பது பிளேடு என்றால் சின்ன டப்பாவே பல வருஷம் தாங்கும். நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, பழைய இரும்புக் கடையில் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.