லினக்ஸில் பாட்டும் படமும் நீங்கள் விரும்பும் பிளேயரிலேயே திறக்க

உபுண்டுவோ லினக்ஸ் மிண்டோ புதிதாகப் போட்டவர்களுக்கு முதல் வாரத்திலேயே வரும் சிக்கல் இது. வி.எல்.சி. பிளேயர் இன்ஸ்டால் ஆகிவிட்டது, ஆனால் படத்தின் மேல் இரட்டைக் கிளிக் செய்தால் வேறு ஏதோ பிளேயர் வந்து நிற்கிறது. செட்டிங்ஸில் தேடிப்பிடித்து மாற்றினால் எம்பி4 வழிக்கு வந்துவிடும். வாட்ஸ்அப்பில் இருந்து இறக்கிய வாய்ஸ் நோட் மட்டும் பழைய ஆப்புக்கே ஓடும்.

காரணம் எளிது. லினக்ஸில் "வீடியோ பிளேயர்" என்று ஒரே ஒரு சுவிட்ச் கிடையாது. ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனியாக ஒரு வரி இருக்கிறது: எம்பி4-க்கு ஒன்று, எம்கேவி-க்கு ஒன்று, எம்பி3-க்கு ஒன்று. இந்த வகைப் பெயரைத்தான் மைம் டைப் என்பார்கள். செட்டிங்ஸில் நாம் பார்க்கும் "மியூசிக்", "வீடியோ" என்ற வரிசைகள் அந்த வரிகளில் பலவற்றை ஒரே நேரத்தில் மாற்றித் தரும் குறுக்கு வழிகள். எல்லா வரிகளையும் அவை தொடுவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எதுவும் குழப்பாது.

முதலில் பிளேயர்

உபுண்டு 24.04-ஐ வழக்கமான தேர்வில் நிறுவியிருந்தால் அதில் மீடியா பிளேயரே இருக்காது. "எக்ஸ்டெண்டட் செலக்‌ஷன்" தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் ரிதம்பாக்ஸும் வீடியோஸ் ஆப்பும் வரும். லினக்ஸ் மிண்டில் 19.3 பதிப்பிலிருந்து வீடியோவுக்குச் செல்லுலாய்டு உண்டு, பாட்டுக்கு ரிதம்பாக்ஸ்.

வி.எல்.சி. வேண்டுமென்றால் உபுண்டுவின் ஆப் சென்டரில் தேடலாம். அங்கே முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ஸ்னாப் பதிப்பு. டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை மூலம் போட்டால் வருவது டெப் பதிப்பு. ஒரே ஆப்பைப் பொட்டலம் கட்டும் வெவ்வேறு முறைகள் இவை. இரண்டையும் போட்டு வைக்காதீர்கள். பிறகு "ஓப்பன் வித்" பட்டியலில் ஒரே பெயரில், ஒரே ஐகானில் இரண்டு வி.எல்.சி. நிற்கும், எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பது உங்களுக்கே தெரியாது. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு டெப் பதிப்பே எங்கள் பரிந்துரை. ஸ்னாப், ஃபிளாட்பேக் (இன்னொரு பொட்டல முறை) பதிப்புகள் மற்ற கோப்புகளை எளிதில் தொடாதபடி வேலி போட்டு ஓடுபவை. பென்டிரைவில் இருக்கும் படத்தைத் திறக்கத் தனி அனுமதி கேட்கலாம். அப்போது பிளேயர் திறக்கும், படம் ஓடாது. டீஃபால்ட் (இரட்டைக் கிளிக்கில் தானாகத் திறக்கும் ஆப்) அமைப்பில்தான் தப்பு என்று நினைத்து அதையே நோண்டிக்கொண்டிருப்போம்.

உபுண்டுவில் (அதன் டெஸ்க்டாப்பின் பெயர் குனோம்)

1. செட்டிங்ஸைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் "ஆப்ஸ்" என்பதற்குப் போங்கள்.
2. மேலேயே "டீஃபால்ட் ஆப்ஸ்" இருக்கும். அதைக் கிளிக் செய்யுங்கள். 22.04 வைத்திருப்பவர்களுக்கு "டீஃபால்ட் அப்ளிகேஷன்ஸ்" என்று இடப்பக்கத்திலேயே தனியாகக் கிடைக்கும்.
3. "மியூசிக்", "வீடியோ" இரண்டுக்கும் எதிரே உள்ள பெயரைத் தட்டி வேண்டிய பிளேயரைத் தேர்ந்தெடுங்கள். சேமிக்கத் தனி பட்டன் கிடையாது, தேர்ந்தெடுத்ததுமே பதிவாகிவிடும்.

இங்கேதான் பலர் சறுக்குவது. "வீடியோ" வரிசையில் வி.எல்.சி.யை வைத்தால் வீடியோ வகைகள் மட்டுமே மாறும். வாய்ஸ் நோட் ஆடியோ வகை. அதற்கு "மியூசிக்" வரிசையையும் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும், அந்த பிளேயர் "இவையெல்லாம் எனக்குத் திறக்கத் தெரியும்" என்று தன் கோப்பில் அறிவித்திருக்கும் வகைகளுக்கு மட்டுமே குனோம் அதைப் பதிவு செய்யும். அறிவிக்காத வகை பழைய ஆப்பிடமே தங்கிவிடும்.

இன்னொரு நுணுக்கம். "மியூசிக்" வரிசையில் யார் பெயரெல்லாம் வர வேண்டும் என்பதை ஆக் வோர்பிஸ் என்ற ஒரே ஒரு வகையை வைத்தே குனோம் முடிவு செய்கிறது. வீடியோவுக்கு ஓஜிஎம் என்ற பழைய வகை. உங்கள் பிளேயர் அந்த வகையை அறிவிக்கவில்லை என்றால், எம்பி3-ஐ அருமையாக ஓட்டினாலும் அந்தப் பட்டியலில் தலைகாட்டாது. ஆப் கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிட்டு மறுபடி போடத் தேவையில்லை; அடுத்து வரும் வலது கிளிக் வழியைப் பிடியுங்கள்.

வலது கிளிக்: ஒரு வகைக்கு மட்டும்

எல்லா டெஸ்க்டாப்பிலும் உருப்படியாக வேலை செய்வது இதுதான். ஒரு எம்கேவி கோப்பின் மேல் வலது கிளிக் செய்து "ஓப்பன் வித்" தேர்ந்தெடுங்கள். வேண்டிய பிளேயரைக் குறித்துவிட்டு, கீழே "ஆல்வேஸ் யூஸ் ஃபார் திஸ் ஃபைல் டைப்" என்ற சுவிட்சைப் போட்டு "ஓப்பன்" கொடுங்கள். சுவிட்சைப் போட மறந்தால் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே அந்த பிளேயரில் திறக்கும்.

மிண்டின் ஃபைல் மேனேஜரான நெமோவில் கோப்பின் மேல் வலது கிளிக், "ப்ராப்பர்ட்டீஸ்", பிறகு "ஓப்பன் வித்" டேப். பிளேயரைத் தேர்ந்து "செட் ஆஸ் டீஃபால்ட்" அழுத்துங்கள். அதே ப்ராப்பர்ட்டீஸின் முதல் டேபில் கோப்பின் வகை அடைப்புக்குறிக்குள் தெரியும். பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், டெர்மினலுக்குப் போகும்போது உதவும்.

மற்ற டெஸ்க்டாப்கள்

மிண்ட் சினமனில் மெனுவைத் திறந்து "ப்ரிஃபர்டு அப்ளிகேஷன்ஸ்" என்று தேடினால் போதும். மியூசிக், வீடியோ இரண்டும் அங்கேயே இருக்கின்றன. எக்ஸ்எஃப்சிஇ-யில் "டீஃபால்ட் அப்ளிகேஷன்ஸ்" ஜன்னலில் "அதர்ஸ்" டேப்பைப் பாருங்கள். எல்லா வகைகளும் வரிசையாக இருக்கும், தேடல் பெட்டியில் வகையின் பெயரைத் தட்டி ஒவ்வொன்றாக மாற்றலாம். கேடிஇ பிளாஸ்மாவில் "சிஸ்டம் செட்டிங்ஸ்" உள்ளே "டீஃபால்ட் அப்ளிகேஷன்ஸ்", அதற்கும் நுட்பமாக வேண்டுமானால் "ஃபைல் அசோசியேஷன்ஸ்". இதில் ஒரு வகைக்கான ஆப்கள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கும். முதலில் இருப்பதுதான் டீஃபால்ட். வேண்டியதை "மூவ் அப்" கொடுத்து உச்சிக்கு ஏற்றி "அப்ளை" அழுத்துங்கள். கேடிஇ-யில் அந்த "அப்ளை" முக்கியம்.

டெர்மினலில் சரிபார்க்க

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். இடைவெளி, நடுக்கோடு, சாய்கோடு எல்லாம் உள்ளபடியே.

கோப்பின் வகையைக் கேட்க:

எக்ஸ்டிஜி-மைம் குவெரி ஃபைல்டைப் கோப்பின்-பெயர்

அந்த வகைக்கு இப்போது யார் டீஃபால்ட் என்று கேட்க:

எக்ஸ்டிஜி-மைம் குவெரி டீஃபால்ட் வீடியோ/எம்பி4

மாற்ற:

எக்ஸ்டிஜி-மைம் டீஃபால்ட் விஎல்சி.டெஸ்க்டாப் வீடியோ/எம்பி4

கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் அதை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். "ஃபைல்" என்ற பழைய கட்டளையும் வகையைச் சொல்லும், ஆனால் அது பார்ப்பது வேறு பட்டியலை. அதன் பதிலும் டெஸ்க்டாப்பின் பதிலும் சில சமயம் ஒத்துப்போகாது. டீஃபால்ட் விஷயத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

வாய்ஸ் நோட்டுக்கே வருவோம். கோப்புப் பெயரின் வால் ஓஜிஜி என்றிருந்தாலும் உள்ளே இருப்பது ஓப்பஸ் ஒலி. சிஸ்டம் வாலை மட்டும் பார்ப்பதில்லை, கோப்பின் தொடக்க பைட்டுகளையும் பார்க்கும். அதனால் வகை "ஆடியோ/எக்ஸ்-ஓப்பஸ்+ஓஜிஜி" என்று வரலாம். முதல் கட்டளை என்ன சொல்கிறதோ அந்தப் பெயரையே அப்படியே எடுத்து மூன்றாவதில் போடுங்கள். எம்கேவி-யின் வகையும் பலர் நினைப்பது போல "வீடியோ/எம்கேவி" அல்ல, "வீடியோ/எக்ஸ்-மாட்ரோஸ்கா". எம்பி3-யின் வகை "ஆடியோ/எம்பெக்". ஊகித்துத் தட்டினால் கட்டளை பெரும்பாலும் எந்தப் பிழையும் காட்டாது, ஆனால் எதுவும் மாறியிருக்காது.

புள்ளி டெஸ்க்டாப் என்று முடியும் பெயரும் (ஆப்பின் அடையாளக் கோப்பு) பதிப்புக்குப் பதிப்பு வேறு. டெப் பதிப்பென்றால் "விஎல்சி.டெஸ்க்டாப்". ஸ்னாப் என்றால் "விஎல்சி_விஎல்சி.டெஸ்க்டாப்". ஃபிளாட்பேக்கில் "ஓஆர்ஜி.வீடியோலேன்.விஎல்சி.டெஸ்க்டாப்", இதில் கடைசி விஎல்சி மட்டும் பெரிய எழுத்து. டெப் ஆப்களின் கோப்புகளை யூஎஸ்ஆர், ஷேர், அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்து உறுதி செய்யலாம்.

இந்தக் கட்டளைகளுக்கு முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சொல்) போடவே கூடாது. டீஃபால்ட் என்பது ஒவ்வொரு பயனருக்கும் தனி. சூடோவோடு ஓட்டினால் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்காக மாற்றியதாகிவிடும், உங்கள் டெஸ்க்டாப்பில் ஒன்றும் நடக்காது.

பட்டியலிலேயே வராத பிளேயர்

ஆப்இமேஜாக (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு) இறக்கிய பிளேயருக்கு சிஸ்டத்தில் அடையாள அட்டை இருக்காது. ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல்+ஹெச் அழுத்தி மறைந்த ஃபோல்டர்களைக் காட்டி, புள்ளி லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்று உள்ளே போய், புள்ளி டெஸ்க்டாப் என்று முடியும் ஒரு டெக்ஸ்ட் கோப்பை உருவாக்க வேண்டும். யூஎஸ்ஆர் பக்கமுள்ள ஒரு பிளேயரின் கோப்பைக் காப்பி எடுத்துத் திருத்துவது சுலபம். ஐகான் போன்ற மற்ற வரிகள் அப்படியே இருக்கட்டும். மூன்று வரிகளைக் கவனியுங்கள்.

"நேம்" வரியில் ஆப்பின் பெயர். "எக்ஸெக்" வரியில் ஆப்இமேஜின் முழுப் பாதை. ஹோமைக் குறிக்கும் அலைக்குறி இங்கே செல்லாது, முதல் சாய்கோட்டிலிருந்து எழுத வேண்டும். பாதைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சதவீதக் குறியும் பெரிய எழுத்து யு-வும் வர வேண்டும். நாம் கிளிக் செய்த கோப்பின் முகவரியை பிளேயரிடம் ஒப்படைப்பது இந்த இரண்டு எழுத்துகள்தான். அதை விட்டுவிட்டால் பிளேயர் வெறும் ஜன்னலோடு திறந்து சும்மா நிற்கும். "மைம்டைப்" வரியில் வகைகள், ஒவ்வொன்றுக்கும் பின் அரைப்புள்ளி. ஆப்இமேஜுக்கு ப்ராப்பர்ட்டீஸில் இயக்க அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். கடைசியாக டெர்மினலில் "அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ்" என்ற கட்டளையை அந்த ஃபோல்டரின் பாதையோடு ஓட்டினால் ஆப் "ஓப்பன் வித்" பட்டியலுக்கு வந்துவிடும்.

சரியான பிளேயர் திறக்கிறது, படம் ஓடவில்லை

இது டீஃபால்ட் பிரச்சினையே அல்ல. மேலே சொன்ன அனுமதிச் சிக்கல் இல்லையென்றால், பெரும்பாலும் கோடெக் (ஒலி, காட்சியைப் படித்துக் காட்டும் மென்பொருள் துண்டு) பிரச்சினை. உபுண்டுவில் "உபுண்டு-ரெஸ்ட்ரிக்டட்-எக்ஸ்ட்ராஸ்" தொகுப்பை ஆப்ட் மூலம் போடுங்கள். இதற்கு சூடோ வேண்டும். நடுவில் எழுத்துரு உரிமம் பற்றிய ஒரு திரை வரும், மவுஸ் வேலை செய்யாது. டேப் விசையால் "ஓகே"-யை எட்டி என்டர் தட்டுங்கள். மிண்டில் மெனுவின் "சவுண்ட் அண்ட் வீடியோ" பகுதியிலேயே கோடெக் நிறுவும் ஐகான் இருக்கிறது.

டிவிடி போட்டதும் என்ன திறக்க வேண்டும் என்பது இன்னொரு தனி இடம்: உபுண்டுவில் அதே "ஆப்ஸ்" பகுதிக்குள் "ரிமூவபிள் மீடியா". வீடியோ வரிசையை மாற்றினால் இது மாறாது.

பழையபடி ஆக்க

நீங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் ஹோமில் புள்ளி கான்ஃபிக் ஃபோல்டருக்குள், "மைம்ஆப்ஸ்.லிஸ்ட்" என்ற சிறு டெக்ஸ்ட் கோப்பில் இருக்கின்றன. திறந்து பார்த்தால் வரிக்கு ஒரு வகை, சமக்குறி, ஆப்பின் பெயர் என்றிருக்கும். தவறான ஒரு வரியை அழித்தால் அந்த வகை மட்டும் சிஸ்டத்தின் சொந்தத் தேர்வுக்குத் திரும்பும். எல்லாமே குழம்பிவிட்டதென்றால் கோப்பின் பெயரை வேறாக மாற்றி வைத்துவிட்டு லாக்அவுட் ஆகி மறுபடி நுழையுங்கள். இணைய உலாவி, பிடிஎஃப் ரீடர் ஆகியவற்றின் தேர்வுகளும் அதே கோப்பில் இருப்பதால் அவற்றையும் மறுபடி வைக்க வேண்டியிருக்கும்.