வீட்டு முற்றத்தில் வண்ணத்துப்பூச்சிக்கும் தேன்சிட்டுக்கும் ஓர் இடம்

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் குமரி மாவட்டத்தில், வெளிநாட்டுப் புல்தரையை விரித்து அதற்குத் தினமும் தண்ணீர் பாய்ச்சுவது வீண் வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது. வைகாசி இறுதியில், சாரல் தொடங்குவதற்கு முன்பே குழி எடுத்து, நம் மண்ணுக்குரிய செடிகளை நட்டுவிட்டால் முதல் மழையிலேயே வேர் பிடித்துவிடும்.

மதிலையொட்டி ஆடாதோடையை வேலியாக வைத்து, அதற்கு முன்னால் வெட்சியை மூன்று நான்காகச் சேர்த்து நடுங்கள். தனித்தனியாக நட்டால் எடுப்பாக இராது. வெட்சியின் சிவந்த கொத்துகளில் தேன்சிட்டு வளைந்த அலகை நுழைத்துத் தேன் குடிப்பதை வாசல் திண்ணையிலிருந்தே காணலாம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இடம் விசாலமாக இருந்தால் உப்புக்காற்றைத் தாங்கும் புன்னையே ஏற்றது.

வெயில் படும் மூலையில் கறிவேப்பிலை கட்டாயம் இருக்கட்டும். அதன் தளிரில் பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவே. வளர்ந்தபின் அது இலைப் பச்சைக்கு மாறிவிடும். சமையலுக்கு ஒரு செடியும் புழுவுக்கு ஒரு செடியுமாக இரண்டு வைத்துக்கொண்டால் வீட்டில் சச்சரவு வராது. எந்தச் செடிக்கும் பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள்.