வானிலைத் தரவில் மாறிப் பெயர்களைத் தரப்படுத்துவது எப்படி? தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

மூன்று இடங்களிலிருந்து வானிலைத் தரவை இறக்கினால், ஒரே காற்று வெப்பநிலை மூன்று பெயர்களில் வந்து நிற்கும். இஆர்ஏ5 மறுபகுப்பாய்வுக் கோப்பில் (பழைய அளவீடுகளையும் வானிலை மாதிரியையும் இணைத்து உருவாக்கிய தரவு) அது 'டி2எம்'. பல நாட்டு ஆய்வுக் குழுக்கள் ஓட்டும் சிமிப்6 காலநிலை மாதிரிகளில் 'டாஸ்'. வானிலை நிலையத்தின் சிஎஸ்வி கோப்பில் 'டெம்ப்'. இதையாவது பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். ஒரே பெயருக்குள் வேறு வேறு பொருள் இருந்தால்தான் பெரிய தலைவலி. 'ரெயின்' என்பது ஒரு கோப்பில் நாள் மொத்த மழை, இன்னொன்றில் வினாடிக்கு எவ்வளவு என்ற வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் நிரல் எந்தப் பிழையும் காட்டாது, விடை மட்டும் தப்பாக வரும்.

இதற்கான பொது ஏற்பாடுதான் சிஎஃப் மரபுகள். கிளைமேட் அண்ட் ஃபோர்காஸ்ட் என்பதன் சுருக்கம் அது; முதல் பதிப்பு 2003இல் வந்தது. அதோடு சேர்ந்த தரப் பெயர்ப் (எல்லோரும் ஒரே பொருளில் பயன்படுத்தும் பொதுப் பெயர்) பட்டியலில் ஆயிரக்கணக்கான பெயர்கள் உள்ளன. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடிப்படை அலகு உண்டு, பெரும்பாலானவற்றுக்கு விளக்கமும் உண்டு. பட்டியல் இணையத்தில் இலவசம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இங்கே தமிழ் எழுத்தில் தரும் தரப் பெயர்களைக் கோப்பில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொற்களுக்கு இடையே அடிக்கோடு போட்டு எழுத வேண்டும்.

படி 1: கோப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

நெட்சிடிஎஃப் (வானிலைத் தரவுக்குப் பரவலாகப் பயன்படும் கோப்பு வடிவம்) கோப்பு என்றால் 'என்சிடம்ப்' கட்டளையை 'எச்' தெரிவோடு ஓட்டினால் தலைப்பகுதி மட்டும் வரும். பைத்தானில் எக்ஸ்அரே என்ற நிரல் தொகுப்பு வழியாகத் திறந்தும் பார்க்கலாம். ஒவ்வொரு மாறியின் கீழும் அலகு, நீண்ட பெயர், தரப் பெயர் போன்ற பண்புகள் இருக்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். 'டி2எம்', 'டாஸ்' போன்ற மாறிப் பெயரை எப்படி வைத்தாலும் சிஎஃப் கேள்வி கேட்காது. அது பொருளைத் தேடுவது 'ஸ்டாண்டர்ட்_நேம்' என்ற பண்பில். ஆகவே குறும்பெயர்களை எல்லாம் மாற்றியே ஆகவேண்டும் என்பதில்லை.

படி 2: ஒரு பெயர்ப் பொருத்த அட்டவணை போடுங்கள்

முழு வேலைக்கும் இதுதான் அடித்தளம். சாதாரண சிஎஸ்வி போதும். பழைய பெயர், தரப் பெயர், பழைய அலகு, புது அலகு, மாற்றும் கணக்கு, உயரம், காலக் கணக்கு (மொத்தமா, சராசரியா, அதிகபட்சமா), திசைக்குறி (எந்தத் திசை நேர் எண்) என்று பத்திகள் வையுங்கள். கடைசி மூன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் சிக்கல் வருவது பெரும்பாலும் அங்கேதான்.

படி 3: பெயரைத் தேடுங்கள், விளக்கத்தையும் படியுங்கள்

பெயர் பொருந்துவதுபோல் தெரிந்தவுடன் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். 'சர்ஃபேஸ்_டெம்பரேச்சர்' என்பது தரைக்கு அருகிலுள்ள காற்றின் வெப்பநிலை அல்ல; நிலத்தின் அல்லது நீரின் மேற்பரப்பே எவ்வளவு சூடு என்பது. வெயில் நேரத்தில் இரண்டுக்கும் பல டிகிரி வித்தியாசம் இருக்கும். 2 மீட்டர் உயரத்தில் அளந்ததற்கு 'ஏர்_டெம்பரேச்சர்' என்பதே பெயர்.

அப்படியென்றால் அந்த 2 மீட்டர் எங்கே போகும்? உயரத்துக்கான ஆயத்தொலைவு மாறியில் (இடம், உயரம், நேரம் ஆகியவற்றைச் சொல்லும் மாறி) போகும். அதேபோல் நாளின் அதிகபட்ச வெப்பநிலைக்கும் தரப் பெயர் 'ஏர்_டெம்பரேச்சர்' தான். அதிகபட்சம் என்பதை 'செல்_மெத்தட்ஸ்' பண்பில் 'டைம்: மேக்ஸிமம்' என்று எழுதுகிறோம். எந்த அளவு என்பதை மட்டும் பெயர் சொல்லட்டும். எங்கே, எப்படி எடுத்தது என்பதற்குத் தனி இடம் இருக்கிறது. இந்தப் பிரிவினை பிடிபட்டுவிட்டால் பட்டியலின் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

காற்றுக்கும் கவனம் தேவை. காற்று எங்கிருந்து வருகிறது என்பதற்கு 'விண்ட்_ஃப்ரம்_டைரெக்ஷன்', எங்கே போகிறது என்பதற்கு 'விண்ட்_டு_டைரெக்ஷன்'. மாற்றிப் போட்டால் 180 டிகிரி பிசகும். கிழக்கு நோக்கிய கூறு 'ஈஸ்ட்வர்ட்_விண்ட்'. ஆனால் மாதிரியின் கட்டம் சுழற்றப்பட்டதாக இருந்து, கூறு கட்டத்தின் அச்சையொட்டி இருந்தால் 'எக்ஸ்_விண்ட்' என்றுதான் போட வேண்டும்.

படி 4: அலகையும் எண்ணையும் சேர்த்தே மாற்றுங்கள்

அலகுப் பண்பில் எழுத்தை மாற்றினால் உள்ளே இருக்கும் எண்கள் மாறாது. செல்சியஸைக் கெல்வினாக்க 273.15 கூட்ட வேண்டும். 27 டிகிரி 300.15 கெல்வின் ஆகும். ஆனால் மாறி வெப்பநிலை வேறுபாடாக இருந்தால் எதையும் கூட்டக்கூடாது.

மழையை நிதானமாகப் பார்ப்போம். 'பிரெசிபிடேஷன்_ஃபிளக்ஸ்' என்பதன் அடிப்படை அலகு, ஒரு சதுர மீட்டருக்கு வினாடிக்கு எத்தனை கிலோகிராம் என்பது. ஒரு சதுர மீட்டரில் 1 கிலோகிராம் தண்ணீர் நின்றால் அதன் ஆழம் 1 மில்லிமீட்டர். ஆகவே அந்த எண்ணை 86400ஆல் பெருக்கினால் நாளுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று கிடைக்கும்: 0.0001 என்றால் 8.64 மில்லிமீட்டர். இஆர்ஏ5இன் மணிநேரத் தரவில் 'டிபி' என்பது அந்த ஒரு மணியில் சேர்ந்த நீரின் ஆழம், அதுவும் மீட்டரில். 0.002 என்றால் 2 மில்லிமீட்டர். அது வீதம் இல்லை, சேர்ந்த அளவு. ஆகவே வீதத்துக்கான பெயரை அப்படியே ஒட்டக்கூடாது. ஆயிரத்தால் பெருக்கி 'பிரெசிபிடேஷன்_அமவுண்ட்' என்று வைத்து, 'செல்_மெத்தட்ஸ்' பண்பில் 'டைம்: சம்' என்று போடுங்கள். வீதம்தான் வேண்டும் என்றால் 3600ஆலும் வகுத்த பிறகு பெயரை மாற்றுங்கள். அப்போது பண்பில் 'டைம்: மீன்' என்று வர வேண்டும்.

வெப்பப் பாய்வுகளில் குறியும் சேர்ந்துகொள்ளும். 'சர்ஃபேஸ்_அப்வர்ட்_லேட்டன்ட்_ஹீட்_ஃபிளக்ஸ்' என்ற பெயரிலேயே மேல்நோக்கியது நேர் எண் என்று இருக்கிறது. இஆர்ஏ5இல் கீழ்நோக்கியது நேர் எண், அதுவும் ஜூலில் சேர்த்த மதிப்பு. மணிநேரத் தரவை 3600ஆல் வகுத்து, குறியையும் திருப்பினால்தான் அந்தப் பெயருக்குப் பொருந்தும்.

படி 5: நிரலை வைத்து மாற்றுங்கள்

அட்டவணையைப் படித்து ஒவ்வொரு மாறிக்கும் கணக்கும் பண்பும் போடும் சிறிய நிரல் ஒன்று எழுதுங்கள். கையால் ஒவ்வொரு கோப்பாகத் திருத்தினால் பத்தாவது கோப்பில் என்ன செய்தோம் என்று மறந்துபோகும். மூலக் கோப்பைத் தொடாமல் புதுக் கோப்பில் எழுதுங்கள். 'ஹிஸ்டரி' என்ற பண்பில் தேதியோடு மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள்.

படி 6: சோதியுங்கள்

சிஎஃப் செக்கர் கருவி தரப் பெயர் பட்டியலில் உள்ளதா, அலகு பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்லும். எண் சரியா என்று அது சொல்லாது. அதனால் ஒவ்வொரு மாறியின் குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 'ஏர்_டெம்பரேச்சர்' கெல்வினில் 25 என்று காட்டினால் அலகுப் பெயர் மட்டும் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

படி 7: தொடர்ந்து பராமரியுங்கள்

பட்டியல் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்பதைக் கோப்பிலேயே எழுதிவையுங்கள். ஒரு பெயர் மாறினால் பழையது மாற்றுப் பெயராகப் பட்டியலில் தொடரும். கடல்மட்ட அழுத்தத்தின் பழைய பெயரில் 'சீ_லெவல்' என்று மட்டும் இருந்தது, பிறகு 'மீன்_சீ_லெவல்' ஆனது. பழைய கோப்புகளைப் படிக்கும் உங்கள் நிரல் இரண்டையும் ஏற்க வேண்டும். உங்கள் அட்டவணையையும் கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) வையுங்கள்; யார், ஏன் மாற்றினார்கள் என்பது அங்கே நிற்கும்.

தேடியும் பொருத்தமான பெயர் கிடைக்கவில்லையா? கிட்டத்தட்ட ஒத்த பெயரை ஒட்டாதீர்கள். தரப் பெயரைப் போடாமல் விட்டு, 'லாங்_நேம்' பண்பில் தெளிவாக எழுதுங்கள். சிஎஃப் அதை அனுமதிக்கிறது. அந்த அளவு மற்றவர்களுக்கும் பயன்படும் என்றால் சிஎஃப் குழுவின் கிட்ஹப் பக்கத்தில் புதுப் பெயரை முன்மொழியலாம். பெயர், விளக்கம், அலகு மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்விகள் அவைதான்.